சொந்த புராஜெக்டுகளுக்கு இடையே நிரல் கோடைப் பகிர்வது எப்படி?

கேள்வி இதுதான். பைதானில் எழுதிய ஏழெட்டுச் சின்ன புராஜெக்டுகள் இருக்கின்றன. சிஎஸ்வி படிப்பது, தேதியைப் பிரிப்பது, தமிழ் எழுத்துகளை எண்ணுவது என்று ஒரே ஃபங்ஷன்கள் எல்லாவற்றிலும் வருகின்றன. காப்பி எடுத்து ஒட்டினால், ஓரிடத்தில் திருத்திய பிழை மற்ற இடங்களில் அப்படியே கிடக்கிறது. ஒரு பொது ஃபோல்டரில் போட்டு எல்லா இடத்திலிருந்தும் இம்போர்ட் செய்தால், அதைத் தொடும்போதெல்லாம் பழைய புராஜெக்ட் ஏதாவது ஒன்று உடைகிறது. என்னதான் செய்வது?

முதலில் நேரடியான பதில். பொதுவான கோடை ஒரு தனி கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோடைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) சின்ன பேக்கேஜாக வையுங்கள். மாற்றம் செய்யும்போதெல்லாம் வெர்ஷன் எண்ணை ஏற்றி, அந்த எண்ணையே பெயராக வைத்து ஒரு டேக் போடுங்கள். ஒவ்வொரு புராஜெக்டும் தனக்கு எந்த வெர்ஷன் வேண்டும் என்று எழுதி வைத்து, அதைத் தன் சொந்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனக்கு மட்டுமான லைப்ரரிகள் இருக்கும் தனி ஃபோல்டரில்) நிறுவிக்கொள்ளட்டும். எல்லா ஃபங்ஷனையும் இப்படி ஆக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் காப்பியாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

பொது ஃபோல்டர் ஏன் உடைகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும். "தமிழ்" என்ற சொல்லைப் பைதானின் லென் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறியீடுகளை அது எண்ணுகிறது. நமக்கு வேண்டியது 3. அதனால் பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலைக் கொண்டு, ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் பார்த்து, 'எம்' என்று தொடங்கும் வகை என்றால், அதாவது துணைக்குறியோ புள்ளியோ என்றால், விட்டுவிட்டு மற்றதை எண்ணுகிறோம். ஐந்தாறு வரிதான்.

இந்த ஃபங்ஷனுக்குத் "தமிழ் நாடு" என்று இடைவெளியோடு கொடுத்தால் 6 வரும், ஏனென்றால் இடைவெளியையும் அது எண்ணிவிட்டது. குறுக்கெழுத்து தயாரிக்கும் புராஜெக்டில் இது தவறு. அங்கே 5 வேண்டும். உடனே பொது ஃபோல்டரில் போய் இடைவெளியை விட்டுவிடும்படி திருத்துகிறீர்கள். குறுக்கெழுத்து சரியாகிவிட்டது. ஆனால் அதே ஃபங்ஷனை வைத்து ஓர் அறிக்கையில் பத்திகளின் அகலத்தைக் கணக்கிடும் இன்னொரு புராஜெக்ட் இருக்கிறது. அதற்கு இடைவெளியும் ஓர் இடம்தான். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் க்ரான், மாத முடிவில் அதை ஓட்டும்போது பத்திகள் கோணலாகின்றன. எரர் எதுவும் வராது, லாக்கிலும் ஒன்றும் இருக்காது. நீங்கள் திருத்தியது சரியான திருத்தம்தான். பிழை ஃபோல்டரின் அமைப்பில் இருக்கிறது. ஆறு மாதமாகத் தொடாத புராஜெக்டும் நேற்று ஆரம்பித்த புராஜெக்டும் ஒரே கோப்பைப் படிக்கின்றன. பழையதற்குப் பழைய கோடு கிடைக்க வழியே இல்லை.

இம்போர்ட்டுக்காகப் பைதான் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான சிஸ்.பாத்தில் ஃபோல்டரின் பெயரைச் சேர்ப்பதிலும் பைதான்பாத் மாறியை அமைப்பதிலும் இன்னொரு வம்பு உண்டு. பைதான்பாத்தில் உள்ள ஃபோல்டர்களை ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும் முன்னால் பைதான் தேடும். அங்கே 'ஈமெயில்' என்றோ 'ரேண்டம்' என்றோ ஒரு கோப்பு வைத்துவிட்டால், அந்தச் சூழலில் ஓடும் எல்லாப் பைதான் நிரல்களும் உங்கள் கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். பிறகு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கருவி விநோதமான இம்போர்ட் எரர் கொடுக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஓடிவிடும்.

எதைப் பேக்கேஜ் ஆக்க வேண்டும், எதைக் காப்பியாகவே விட வேண்டும்? இரண்டாவது புராஜெக்டுக்குத் தேவைப்படும்போது தயங்காமல் காப்பி எடுங்கள். மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது நின்று யோசியுங்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் ஒரு பிழை தெரிந்தால், மூன்று இடத்திலும் அதைத் திருத்தியே ஆக வேண்டுமா? ஆமாம் என்றால் பேக்கேஜ். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றும் தனித்தனியே வளரப்போகின்றன என்றால் காப்பியே நல்லது. கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட் படிக்கும் பகுதி, லாகிங் அமைப்பு, கான்ஃபிக் படிக்கும் பகுதி போன்றவை பெரும்பாலும் இரண்டாவது வகை. அவற்றைப் பொதுவாக்கினால் ஒவ்வொரு புராஜெக்டின் தேவைக்கும் ஒரு பாராமீட்டர் என்று சேர்ந்து, ஒரு ஃபங்ஷனுக்குப் பதினைந்து பாராமீட்டர் ஆகிவிடும்.

காப்பி எடுக்கும்போது தலைப்பில் ஒரே ஒரு கமென்ட் வரி எழுதுங்கள்: எந்த ரெப்போவிலிருந்து, எந்தக் கோப்பு, கமிட் எண்ணின் முதல் 7 எழுத்துகள், தேதி. பின்னால் மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அந்த வரியைத் தேடி எல்லாக் காப்பிகளையும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். காப்பி அடிப்பது தவறில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போவதுதான் தவறு.

அடுத்தது பேக்கேஜ். இதற்கு நான்கு பொருள் போதும்: 'எஸ்ஆர்சி' ஃபோல்டர், அதற்குள் பேக்கேஜின் பெயரில் ஒரு ஃபோல்டர், பக்கத்தில் 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டர், ரெப்போவின் வேரில் பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பு. எஸ்ஆர்சி எதற்கு என்று பலர் கேட்பார்கள். அது இல்லாமல் வேரிலேயே பேக்கேஜ் ஃபோல்டரை வைத்தால், டெஸ்ட் ஓட்டும்போது நிறுவப்பட்ட பேக்கேஜுக்குப் பதிலாகக் கண்முன் இருக்கும் ஃபோல்டரையே பைதான் எடுத்துக்கொள்ளக்கூடும். டெஸ்ட் பாஸ் ஆகும். வேறு இடத்தில் நிறுவினால் ஒரு கோப்பு விடுபட்டிருக்கும்.

பைபிராஜெக்ட்.டாம்லில் பெயர், வெர்ஷன், தேவைப்படும் குறைந்தபட்சப் பைதான் வெர்ஷன், டிபென்டென்சிப் பட்டியல் (அதற்குத் தேவையான மற்ற லைப்ரரிகள்) ஆகியவை இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பெயரில் கவனம் வேண்டும். 'யூட்டில்ஸ்', 'காமன்', 'ஹெல்பர்ஸ்' போன்ற பெயர்கள் வேண்டாம். அந்தப் பெயரில், பைதான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் வேறு யாருடைய பேக்கேஜாவது இருந்தால், கைதவறி வெறும் பெயரை மட்டும் சொல்லி நிறுவும்போது அவருடைய கோடு உங்கள் கணினிக்குள் வந்துவிடும். இது வெறும் கற்பனையல்ல. நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்திய பேக்கேஜ்களின் பெயரிலேயே பொது இடத்தில் பேக்கேஜ் போட்டு, பெரிய பெரிய நிறுவனங்களின் கணினிகளில் தன் கோடை ஓட வைக்க முடியும் என்று அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் காட்டினார். உங்களுக்கே உரிய ஒரு முன்னொட்டைப் பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசைக்கும் ஒரு காப்பு உண்டு: 'பிரைவேட் :: டூ நாட் அப்லோடு' என்று ஒரு கிளாசிஃபையர் வரி சேர்த்தால், தவறுதலாக நீங்கள் அதைப் பைபிஐக்கு ஏற்ற முயன்றாலும் அது மறுத்துவிடும்.

பழைய புராஜெக்டிலிருந்து கோடை எடுத்து வரும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதை உதறிவிட்டு வாருங்கள். ஃபங்ஷனுக்குள் உங்கள் ஹோம் ஃபோல்டரின் பாதை எழுதியிருக்கும், என்விரான்மென்ட் மாறியிலிருந்து ஏபிஐ கீ படிக்கும் வரி இருக்கும். பொதுப் பேக்கேஜில் உள்ள ஃபங்ஷன் தனக்கு வேண்டியதை எல்லாம் பாராமீட்டராக வாங்கிக்கொள்ள வேண்டும். ஏபிஐ கீ ஒரு கமிட்டில் போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும். அந்த கீயை ரத்து செய்து புதியது வாங்குவதுதான் வழி.

வெர்ஷன் எண்ணுக்கு வழக்கமான மூன்றெண் முறையே போதும். கூப்பிடுபவருக்கு எதுவும் மாறாத திருத்தம் என்றால் கடைசி எண். புதிதாக ஒன்று சேர்ந்தால் நடு எண். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த விடை மாறினால் முதல் எண். மேலே சொன்ன இடைவெளித் திருத்தம் இரண்டு வரிதான், பிழைத்திருத்தம் என்றும் தோன்றும். ஆனால் 6 வந்த இடத்தில் 5 வருகிறது, ஆகவே அது 2.0.0. எண்ணுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, தாராளமாக ஏற்றுங்கள். அதைவிட நல்ல வழி, இடைவெளியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பாராமீட்டர் வைத்து, அதன் இயல்பு மதிப்பைப் பழைய நடத்தையாகவே விட்டுவிடுவது. அப்போது 1.3.0 போதும், அறிக்கை புராஜெக்ட் உடையாது, குறுக்கெழுத்து புராஜெக்ட் மட்டும் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். "தமிழ் நாடு" என்றால் 6, பாராமீட்டர் மாற்றினால் 5 என்று இரண்டு டெஸ்ட்டும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு புராஜெக்டும் எந்த நடத்தையை நம்பியிருக்கிறது என்பதைப் பேக்கேஜின் டெஸ்ட்டுகளில் எழுதி வைப்பது, ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு.

வெளியிடும் வரிசை இது. டெஸ்ட் ஓட்டுங்கள். பைபிராஜெக்ட்.டாம்லில் எண்ணை ஏற்றி கமிட் செய்யுங்கள். 'வி1.3.0' என்று கிட் டேக் போட்டு, டேக்கையும் சேர்த்துப் புஷ் செய்யுங்கள். சாதாரண கிட் புஷ் டேக்கைக் கொண்டு போகாது என்பதை மறந்துதான் பலர் "டேக் கிடைக்கவில்லை" என்று தடுமாறுவார்கள். பிறகு புராஜெக்டின் டிபென்டென்சிப் பட்டியலில் 'கிட்+' என்று தொடங்கும் ரெப்போ முகவரியை எழுதி, கடைசியில் ஆட் (@) குறியும் டேக்கின் பெயரும் சேர்த்து நிறுவுங்கள். பைபிஐ கணக்கோ தனி சர்வரோ தேவையில்லை.

இங்கே சறுக்கும் இடங்கள் மூன்று. டேக் போட்ட பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால், அதே டேக்கை அழித்துப் புதிய கமிட்டில் போடத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு கோடு உலவ ஆரம்பித்துவிடும். எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 1.3.1 போடுங்கள். இரண்டாவது, புதிய டேக் போட்டுவிட்டு பைபிராஜெக்ட்.டாம்லில் எண்ணை மாற்ற மறந்தால், அந்த வெர்ஷன் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி, பைதானின் நிறுவும் கருவியான பிப் பழையதையே விட்டுவிடக்கூடும். மூன்றாவது, தனிப்பட்ட ரெப்போ என்றால் நிறுவும் கணினியில் கிட்டும் வேண்டும், எஸ்எஸ்ஹெச் கீயும் வேண்டும். வீட்டில் ஓடும் ராஸ்ப்பெரி பை, டாக்கர் இமேஜ் போன்ற இடங்களில் கீயைக் கொண்டுபோய் வைப்பது நல்லதல்ல. அங்கே பேக்கேஜை வீல் கோப்பாகக் கட்டி, அந்தக் கோப்பைப் புராஜெக்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, அதிலிருந்து நிறுவுங்கள். வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான்; நம் வகைப் பேக்கேஜ்கள் சில கிலோபைட்டுகளில் முடிந்துவிடும்.

பேக்கேஜையும் புராஜெக்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய நாட்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் டேக் போட முடியாது. அதற்குத்தான் எடிட்டபிள் இன்ஸ்டால். அந்தப் புராஜெக்டின் என்விரான்மென்ட்டில் மட்டும் பேக்கேஜை எடிட்டபிளாக நிறுவினால், எஸ்ஆர்சியில் நீங்கள் மாற்றுவது உடனே தெரியும். வேலை முடிந்ததும் டேக் போட்டு, எடிட்டபிளை நீக்கி, டேக்கிலிருந்து மறுபடி நிறுவுங்கள். நீக்க மறந்தால், பெயர் மாறிய அதே பொது ஃபோல்டர்தான் அது. 'பிப் ஃப்ரீஸ்' ஓட்டிப் பாருங்கள்: எடிட்டபிளாக இருப்பது ஹைஃபன்-இ என்று தொடங்கும் வரியாகத் தனித்துத் தெரியும்.

பொதுப் பேக்கேஜே மற்ற லைப்ரரிகளை இழுத்துக்கொண்டு வருவது அடுத்த தொல்லை. எழுத்து எண்ணும் ஐந்து வரி வேண்டும் என்று நிறுவினால், பக்கத்துக் கோப்பில் இருக்கும் ஒரு ஃபங்ஷனுக்காகப் பாண்டாஸ், நம்பை என்ற இரண்டு பெரிய லைப்ரரிகளும் இறங்கும். ராஸ்ப்பெரி பையில் இதற்காகவே பல நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியால் முடிவதை அதைக் கொண்டே முடியுங்கள். கனமான லைப்ரரி தேவைப்படும் பகுதியைத் தனி மாட்யூலாகப் பிரித்து, அதன் தேவையை எக்ஸ்ட்ராவாக அறிவியுங்கள். அது வேண்டிய புராஜெக்ட் மட்டும் சதுர அடைப்புக்குள் அந்த எக்ஸ்ட்ராவின் பெயரைச் சொல்லி நிறுவிக்கொள்ளும். முக்கியமாக, பேக்கேஜை இம்போர்ட் செய்ததும் முதலில் ஓடும் இனிட் கோப்பில் எல்லா மாட்யூலையும் இம்போர்ட் செய்து வைக்காதீர்கள். அந்த ஒரு வரி எல்லாப் பிரிப்பையும் வீணாக்கிவிடும்.

பேக்கேஜுக்குள் டிபென்டென்சிகளைத் தளர்வாக எழுத வேண்டும், புராஜெக்டில் இறுக்கமாக எழுத வேண்டும். ரிக்வெஸ்ட்ஸ் 2.28 அல்லது அதற்கு மேல் என்று பேக்கேஜ் சொல்லலாம், சரியாக 2.28.1 தான் என்று அது சொன்னால், 2.31 கேட்கும் இன்னொரு லைப்ரரியோடு ஒரே என்விரான்மென்ட்டில் சேர முடியாது. பைதானில் ஒரு என்விரான்மென்ட்டில் ஒரு லைப்ரரிக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும் என்பதால், பிப் கைவிரித்துவிடும்.

புராஜெக்டில் ஏன் இறுக்கம்? 2022 ஜனவரியில், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் 'கலர்ஸ்' என்ற லைப்ரரியின் புதிய வெர்ஷனில் அதை எழுதியவரே வேண்டுமென்று முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டு வெளியிட்டார். வெர்ஷனைப் பூட்டாமல் விட்டிருந்த நிரல்கள் அதைத் தானாகவே இழுத்துக்கொண்டு குப்பையான எழுத்துகளைக் கக்கின. பூட்டி வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. பைதானில் இதற்கு இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள் நேரடியாகக் கேட்கும் நாலைந்து லைப்ரரிகள் மட்டும். இன்னொன்று, அவை இழுத்து வருவதையும் சேர்த்துத் துல்லியமான எண்களோடு கருவி எழுதிக் கொடுக்கும் லாக் ஃபைல், அதாவது பூட்டுக் கோப்பு. பிப்-டூல்ஸ் இதைச் செய்யும். 2024-ல் வந்த யூவி இன்னும் வேகமாகச் செய்யும், புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். வெறும் 'பிப் ஃப்ரீஸ்' வெளியீட்டை மட்டும் சேமித்தால், நீங்கள் கேட்டது எது, தானாக வந்தது எது என்று ஒரு வருடம் கழித்துப் பிரிக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் நோட்.ஜேஎஸ் புராஜெக்ட் என்றால் லாக் ஃபைலைக் கமிட் செய்யுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். அது லாக் ஃபைலை மாற்றாது, பொருந்தாவிட்டால் எரர் கொடுத்து நிற்கும்.

பைதானின் வெர்ஷனையும் எழுதி வையுங்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப், ஏசிங்க்கோர் என்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூல்கள் மூன்றும் நீக்கப்பட்டன. லைப்ரரிகளை எல்லாம் பூட்டியிருந்தும் இவற்றை நம்பியிருந்த கோடு ஓட மறுத்தது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர் பெரும்பாலும் சிஸ்டத்தின் பைதானைச் சுட்டிக்கொண்டிருப்பதால், ஓஎஸ் அப்கிரேடில் அது உடைவது சகஜம். லாக் ஃபைல் இருந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் மறுபடி உருவாக்கலாம்.

வெளி லைப்ரரியை எடுப்பதா, நாமே எழுதுவதா என்பதற்கு 2016 மார்ச்சில் நடந்தது நல்ல அளவுகோல். என்பிஎம்மில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் அதைத் திரும்பப் பெற்றார். அதை மறைமுகமாக நம்பியிருந்த பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட ஏராளமான புராஜெக்டுகளின் பில்டு உலகெங்கும் நின்றது. 11 வரி என்றால் எழுதிவிடுங்கள். எழுத்து எண்ணுவதும் அந்த வகைதான். ஆனால் டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்றால் ஓபன்-தமிழ் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணைகளின் விதிவிலக்குகளை எல்லாம் நாமே கண்டுபிடித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை வைக்கும் கிட் சப்மாட்யூல் பற்றியும் கேட்பார்கள். அது ஒரு குறிப்பிட்ட கமிட்டைச் சுட்டுவதால் கொள்கை அளவில் சரிதான். நடைமுறையில், க்ளோன் செய்யும்போது சப்மாட்யூலையும் சேர்த்துக் கேட்காவிட்டால் காலி ஃபோல்டர்தான் வரும். உள்ளே போய்த் திருத்தினால் எந்தக் கிளையிலும் இல்லாத நிலையில் கமிட் விழுந்து தொலைந்துபோகும். பேக்கேஜ் மேனேஜர் உள்ள மொழியில் அது வேண்டாம். சி மொழியில் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போல ஒரே பெரிய கோப்பாகக் கிடைப்பதை அப்படியே புராஜெக்டுக்குள் வைத்து, எந்த வெர்ஷன் என்று எழுதி வைப்பது எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் ஒரே ரெப்போவில் வைப்பது, எல்லாப் புராஜெக்டையும் வாராவாரம் தொடுபவருக்குப் பொருந்தும். வருடக்கணக்கில் தூங்கும் புராஜெக்டுகள் இருந்தால், பொது ஃபோல்டரின் பிரச்சினையே திரும்பி வரும்.

இப்போது இருக்கும் ஏழெட்டையும் ஒரே வார இறுதியில் மாற்ற முயலாதீர்கள். நீங்கள் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றையும், தானாக ஓடும் ஒன்றையும் முதலில் மாற்றுங்கள். பொது ஃபோல்டர் இன்று எப்படி இருக்கிறதோ அதையே 1.0.0 என்று டேக் செய்து, இரண்டையும் அதற்குப் பூட்டுங்கள். ஒரு வரிகூடத் திருத்தாமல். திருத்தங்கள் 1.0.1-லிருந்து தொடங்கட்டும். மற்றவற்றைத் தொட வேண்டிய நாள் வரும்போது மாற்றினால் போதும். எல்லாம் மாறிவிட்டது என்று தோன்றியதும் பழைய ஃபோல்டரை உடனே அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் விட்டு வையுங்கள். அந்த மாதத்தில் க்ரான் லாக்கில் இம்போர்ட் எரர் ஒன்று வந்தால், மாத முடிவில் ஒரே ஒரு முறை ஓடும், நீங்கள் மறந்தே போன புராஜெக்ட் எதுவென்று அதில் தெரிந்துவிடும்.